அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி: பாடத்துக்கு வெளியே என்ன இருக்கிறது, அது யாருக்குக் கிடைக்கிறது?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் 8ஆம் வகுப்புக்கு மேல் இல்லாததால், என் மகளை வரும் ஜூன் மாதத்தில் வட்டத் தலைநகரில் உள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் சேர்க்கவிருக்கிறோம். சேர்க்கை பற்றி விசாரிக்கச் சென்றபோது, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே இருந்த பலகையில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை), என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்), சாரணியர் இயக்கம், தேசிய பசுமைப் படை, இலக்கிய மன்றம், வானவில் மன்றம், வினாடி வினா மன்றம் என்று நீண்ட பட்டியல் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்து உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஆனால் வாசலில் நின்றிருந்த இரண்டு பதினோராம் வகுப்பு மாணவியரிடம் பேச்சுக் கொடுத்தபோது, ஒருத்தி அவற்றுள் நான்கில் இருப்பதாகவும் மற்றவள் எதிலுமே இல்லை என்றும் சொன்னார்கள். எதிலும் இல்லாத பெண்ணின் கிராமம் எங்கள் ஊருக்கு அடுத்த நிறுத்தம்.

எனவே இரண்டு கேள்விகள். பலகையில் உள்ளவற்றில் உண்மையாக நடப்பவை எவை? பேருந்தில் வந்து போகும் ஒரு பெண்ணுக்கு அவற்றில் எவை கைக்கு எட்டும்?

பழைய மாணவி

ஐயா, நான் அத்தகைய ஒரு பள்ளியில் படித்து, இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். முதலில் வகுப்பு வாரியாகப் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலகையில் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தாலும் எல்லாம் எல்லா வகுப்புக்கும் உரியவை அல்ல. அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்கும் வானவில் மன்றம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கானது. உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டார். என்.எஸ்.எஸ். மேல்நிலை வகுப்புகளில்தான் தொடங்கும். என்.சி.சி. இளநிலைப் பிரிவுக்குப் பெரும்பாலும் 8 அல்லது 9ஆம் வகுப்பிலேயே ஆள் எடுத்துவிடுவார்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகே ‘ஏ’ சான்றிதழ்த் தேர்வு என்பதால், 10ஆம் வகுப்பில் போய்க் கேட்டால் இடம் கிடைக்காது. ஆகவே பள்ளி திறந்தவுடன் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

‘ஏ’ சான்றிதழ் மட்டுமே எந்தப் பெரிய கதவையும் திறந்துவிடாது. கல்லூரியில் தொடர்ந்து ‘பி’, ‘சி’ சான்றிதழ்களைப் பெறும்போதுதான் அதன் பயன் தெரியும். ‘சி’ சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரிப் பெண்கள் தரைப்படையின் அதிகாரிப் பணிக்கு என்.சி.சி. சிறப்பு நுழைவு வழியாக விண்ணப்பிக்கலாம், அதில் தேர்வாகிறவர்களுக்குப் பயிற்சி நடப்பது சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அணிவகுப்பில் இருபது பேருக்கு நடுவே நின்று உரத்த குரலில் கட்டளை கொடுக்கப் பழகியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். வீட்டில் எங்களிடம் யாரும் சத்தமாகப் பேசு என்று சொன்னதே இல்லை.

சாரணியர் இயக்கத்தில் படிப்படியாகத் தேர்வுகள் உண்டு. ஆளுநர் பெயரில் வழங்கப்படும் ராஜ்ய புரஸ்கார் வரை போவதென்றால், பொறுப்பாசிரியை இடமாறுதலில் போகாமல் இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் சாரணியர் பொறுப்பில் இருந்த டீச்சர் மாறுதலில் சென்ற ஆண்டில் அந்த இயக்கம் பலகையில் மட்டும் இருந்தது.

கணக்கு ஆசிரியர்

மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் இருபால் மாணவர்கள் படிக்கும் பள்ளியிலும் மகளிர் பள்ளியிலும் பணியாற்றியவன். 10ஆம் வகுப்பில் என்னிடம் வரும் பெண்களில் பலருக்குப் பின்னங்களைக் கூட்டத் தெரியாது. ஒரு கல்வியாண்டுக்குள் அவர்களைத் தேர்ச்சி பெறச் செய்ய வேண்டும். மே மாதத்தில் தேர்வு முடிவு வந்ததும் முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் என்னை எழுப்பிக் கேட்கும் கேள்வி தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியது. கோகோ அணி குறுவட்டத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில், வென்றதா என்று கணக்கு ஆசிரியரை யாரும் கேட்டதில்லை. விளையாட்டுப் பாடவேளையைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் கணக்கு, அறிவியல் ஆசிரியர்களிடம் வேண்டுகோள் விடுத்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எங்களிடம் கேட்கப்படும் கணக்கு மட்டும் மாறவில்லை.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஒரு பெண் 10ஆம் வகுப்பில் தவறிவிட்டால், அவளுடைய வீட்டில் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்பது இங்குள்ள அனைவருக்கும் தெரியும். கலைத் திருவிழாவில் வாங்கும் கலையரசிப் பட்டம் அந்தப் பேச்சை நிறுத்தாது. மதிப்பெண் பட்டியல் நிறுத்தும்.

உடற்கல்வி ஆசிரியை (பணி நிறைவு)

கணக்கு ஐயா சொல்வது கசப்பான உண்மை என்றாலும், அதில் பாதிதான் உண்மை. 10ஆம் வகுப்பின் சுமைக்காக 10ஆம் வகுப்புப் பாடவேளையை எடுப்பது ஒரு வகை. நான் பணியாற்றிய இடங்களில் 6ஆம் வகுப்பின் பாடவேளையும் சேர்ந்தே போனது, ஏனென்றால் மைதானத்தில் சத்தம் வந்தால் தேர்வு வகுப்புக்கு இடையூறு என்று சொன்னார்கள். ஒரு பெண் ஓடத் தொடங்க வேண்டிய வயது 11. அந்த வயதில் அவளை வகுப்பறையில் உட்கார்த்திவிட்டு, 15 வயதில் அணிக்கு ஆள் தேடினால் எங்கிருந்து கிடைப்பார்கள்?

வைகைக்கரை ஐயாவுக்கு விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகளாக நடக்கும். முதலில் குறுவட்டம், பிறகு மாவட்டம், அதன் பிறகு மாநிலம். தடகளமும் பழைய குழு விளையாட்டுகளும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளிலும், புதிய விளையாட்டுகள் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளிலும் வரும். இவை தவிர முதலமைச்சர் கோப்பையும் இருக்கிறது. பள்ளி ஜூன் மாதத்தில் திறந்து, சில வாரங்களிலேயே குறுவட்டம் தொடங்கிவிடுவதால், ஜூனில் சேரும் புதிய மாணவிக்குப் பயிற்சி பெற நேரமே இருக்காது. எனவே நல்ல உடற்கல்வி ஆசிரியை மே விடுமுறையிலேயே காலை வேளையில் மைதானத்தில் இருப்பார். நீங்கள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அந்தப் பள்ளியின் வாசலுக்குப் போய்ப் பாருங்கள். தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அதில் அதிகம் தெரியும்.

மகளிர் பள்ளிகளில் எறிபந்து, கோகோ, கபடி, கையுந்துபந்து ஆகியவை நன்றாக நடப்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. ஒரு பந்தோ இரண்டு கம்பங்களோ இருந்தால் போதும், பன்னிரண்டு பேர் ஆடலாம். ஆனால் இருபால் பள்ளிகளில் மைதானத்தின் நடுப்பகுதி எப்போதும் பையன்களுடையது; பெண்கள் சுவரோரத்தில் வளையப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். மகளிர் பள்ளியில் முழு மைதானமும் பெண்களுடையது, கோடு போடுவதும் அவர்கள்தான், நடுவராக விசில் ஊதுவதும் அவர்கள்தான். பெண்களுக்கென்று தனிப் பள்ளி தேவையா என்று ஆயிரம் விவாதம் செய்யலாம். என்னைப் பொறுத்தவரையில் அதற்குச் சொல்லத்தக்க வலுவான நியாயம் அந்த மைதானம்தான்.

வேலை, படிப்பு என்று பார்த்தாலும் ஒன்றும் குறைவில்லை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அரசுப் பணியிலும் 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதற்குரிய சான்றிதழ் வரை போகிறவர்கள் சிலரே என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தென்பாண்டித் தந்தை

ஆசிரியை அவர்களிடம் மரியாதையுடன் கேட்கிறேன். பயிற்சி முடிய மாலை ஆறு மணி ஆகிறது என்கிறார்கள். அதன் பிறகு எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பேருந்து. சில நாள் வருவதில்லை. பெண்ணைத் தனியாக நிறுத்தத்தில் நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொன்னால் பெண்ணை அடக்கிவைக்கும் அப்பா என்று பெயர் வருகிறது. உடைப் பிரச்சினை எனக்கு இல்லை, என் தாயாருக்கு இருக்கிறது.

உடற்கல்வி ஆசிரியை (பணி நிறைவு)

உங்கள் அச்சம் நியாயமானது, ஐயா. உடையைப் பொறுத்தவரை, முழுக்கால் உடையும் டி-சர்ட்டும் அணிந்து ஆடப் பள்ளி அளவில் தடையில்லை. நாங்கள் அப்படியே ஆடவைத்திருக்கிறோம், பாட்டிகளும் நாளடைவில் பழகிக்கொள்கிறார்கள். பேருந்துக்கு என்னிடம் விடை இல்லை. நான் பணியில் இருந்த காலத்தில் அணிக்குத் தேர்வானவர்களில் பெரும்பாலோர் பள்ளியிலிருந்து நடந்து போகும் தொலைவில் வீடு உள்ளவர்கள். திறமையைப் பார்த்துத்தான் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அறிவியல் ஆசிரியை, மதுரை மாவட்டம்

விளையாட்டு, அணிவகுப்பு ஆகியவற்றோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. எங்கள் மாவட்டத்துக்குப் பெருமை சேர்த்த ஒன்றைச் சொல்கிறேன். நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரைக் கொண்டு, சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா என்ற அமைப்பு ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோளை உருவாக்கியது. அதில் திருமங்கலம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் பங்கேற்றார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ஏவூர்தி அதைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. உணரி ஒன்றில் ஏற்பட்ட கோளாற்றைத் தொடர்ந்து செயற்கைக்கோள்கள் சரியான சுற்றுப்பாதையில் விடப்படாததால் அவை பயனற்றுப் போயின. அடுத்த ஏவுதலில், 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சுமார் 450 கிலோமீட்டர் உயரத்தில் வெற்றிகரமாக நிலைநிறுத்தப்பட்டது. முதல் முயற்சி வீணானதும் அதன் காரணத்தைச் செய்தித்தாளில் படித்து வகுப்பில் விவாதித்த பெண்கள், ஏவூர்தியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்ததைவிட அதிகம் தெரிந்துகொண்டார்கள்.

இது எப்போதோ ஒருமுறை வருவது. ஆண்டுதோறும் வருவது இன்ஸ்பயர் விருது. ஒரு மாணவி தன் ஊரில் பார்க்கும் ஒரு சிக்கலுக்குத் தானே யோசித்த தீர்வை ஒரு பக்கத்தில் எழுதி, பள்ளி வழியாகப் பதிவேற்ற வேண்டும். தேர்வானால் மாதிரி செய்வதற்கு 10,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வரும். உங்கள் மகளுக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் இதற்கு மாலையில் தங்க வேண்டியதில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: யோசனை அவளுடையதாக இருக்க வேண்டும். பல பள்ளிகளில் ஆசிரியரே இணையத்தில் தேடி எடுத்த யோசனையை மாணவி பெயரில் அனுப்பிவிடுகிறார்கள். மாவட்டக் கண்காட்சியில் நடுவர் இரண்டாவது கேள்வி கேட்டவுடன் அந்தப் பெண் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

எழுதும் ஆர்வம் இருந்தால், பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் தேன்சிட்டு இதழுக்கு 9ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவியர் கதை, கட்டுரை, ஓவியம் அனுப்பலாம்.

பழைய மாணவி

கலைத் திருவிழாவைப் பற்றி இதுவரை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய இது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடந்து, மாநில அளவில் கலையரசன், கலையரசி விருதுகளுடன் முடியும். நான் மேல்நிலை படித்தபோது கிராமிய நடனத்தில் மாவட்டம் வரை போனேன். அதுவரை எங்கள் தெருவில் கோயில் கொடையின்போது ஆடினால் திட்டு விழும். அதே ஆட்டத்துக்குப் பள்ளி மேடையில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்தபோது, என் தாத்தா முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஆனால் தேர்வு முறையில் எனக்கு வருத்தம் உண்டு. பெயரை எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் ஏற்றக் கடைசி நாள் நெருங்கும்போதுதான் வகுப்பில் அறிவிப்பு வரும். அந்த அவசரத்தில் டீச்சர் யாரைக் கூப்பிடுவார்? ஏற்கெனவே மேடை ஏறியவளைத்தான். பேச்சுக்கும் அவள், பாட்டுக்கும் அவள், என்.சி.சி. தலைமைக்கும் அவள். வைகைக்கரை ஐயா வாசலில் பார்த்த அந்த நான்கு மன்றப் பெண்ணை எனக்கு நன்றாகவே தெரியும். எல்லாப் பள்ளியிலும் அவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் மேல் குறை இல்லை. பத்தாவது முறையாக மேடை ஏறுவதால் அவளுக்குக் கிடைப்பதைவிட, முதல்முறை ஏறுபவளுக்குக் கிடைப்பது அதிகம் என்பதுதான் என் வாதம்.

கணக்கு ஆசிரியர்

இதில் உடன்படுகிறேன். 2024இல் மகிழ் முற்றம் என்று குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை ஆகிய ஐந்து குழுக்களாக மாணவர்களைப் பிரித்தபோது, ஒவ்வொரு குழுவிலும் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் இருப்பதால் இந்த நிலை மாறும் என்று எதிர்பார்த்தேன். ஓரளவு மாறியது. குழுத் தலைவியாக முதல் மதிப்பெண் பெறுபவளையே நியமித்த பள்ளிகளில் மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றைக் கற்பிக்கத் தமிழக அரசு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. ஊதியம் பிறகு சிறிது சிறிதாக உயர்ந்திருக்கிறது. பணி நிரந்தரக் கோரிக்கை அப்படியே நின்று, பலர் பணியை விட்டும் போய்விட்டார்கள். பலகையில் இசை என்று எழுதியிருக்கும் பள்ளியில் இசை ஆசிரியர் திங்கள், புதன், வெள்ளி முற்பகல் மட்டும் இருந்தால், செவ்வாய்க்கிழமை பாட வேண்டும் என்று தோன்றும் பெண் என்ன செய்வாள்? தேர்ச்சிக்காக நான் பாடவேளையைப் பறிக்கிறேன் என்று குற்றம் சாட்டுபவர்கள், அந்தப் பாடவேளைக்கு ஆசிரியரே இல்லாத பள்ளிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்

நான் அதிகம் படித்தவள் இல்லை. என் மகன் தட்டச்சு செய்கிறான். தென்பாண்டித் தந்தை அண்ணன் கேட்ட பேருந்துக் கேள்விக்காக எழுதுகிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் பதவி பிள்ளையின் தாய்க்குரியது என்பது பலருக்குத் தெரியாது. கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவதாகத்தான் நானும் போனேன். எங்கள் பெண்கள் ஏன் எதிலும் சேர்வதில்லை என்று கேட்டபோது, ஆர்வம் இல்லை என்று பதில் வந்தது. நாங்கள் வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டோம். ஆர்வம் இல்லை என்று சொன்னவர்கள் மிகச் சிலர். 4.10க்கு மணி அடித்தால் 4.25க்கு டவுன் பஸ், அதை விட்டால் இருட்டிய பிறகுதான் அடுத்தது என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

அதனால் இரண்டு தீர்மானம் எழுதினோம். கோகோ பயிற்சியையும் நடனப் பயிற்சியையும் வாரத்தில் இரண்டு நாள் கடைசி இரண்டு பாடவேளைக்குள் முடித்துவிட வேண்டும், 10ஆம் வகுப்புக்கு மட்டும் ஒரு நாள். அது ஒன்று. 4.25 வண்டியை 5.15க்கும் ஒரு நடை விடச் சொல்லிப் பணிமனைக்கு மனு. அது இரண்டாவது. வண்டி வர நாளானது. கிளை மேலாளரை மூன்று தாய்மார் நேரில் போய்ப் பார்த்தோம். பெண்கள் கட்டணமில்லாமல் போகும் வண்டிதானே, கூட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள், நிறுத்தத்தில் நிற்பவர்களை எண்ணிக்கொள்ளுங்கள் என்றோம். கடைசியில் வெள்ளிக்கிழமை மட்டும் விட்டார்கள். பாடவேளைத் தீர்மானம் உடனே நடந்தது, அதற்குப் பணம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டு கோகோ அணியில் எங்கள் பக்கத்து மூன்று ஊர்ப் பெண்கள் இருந்தார்கள்.

கணக்கு சார் கோபப்படக் கூடாது. எங்கள் கணக்கு டீச்சரும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. காலை 8.45க்கு வந்துவிடும் பஸ் பிள்ளைகள் மணி அடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருப்பதைக் காட்டி, அந்த நேரத்தில் கணக்கு நடத்தச் சொன்னோம்.

கணக்கு ஆசிரியர்

கோபம் இல்லை, அம்மா. காலை 8.45 நல்ல யோசனை. அப்போது பிள்ளைகளுக்குத் தூக்கக் கலக்கமும் இருக்காது; மாலைச் சிறப்பு வகுப்பில் பாதிப் பேர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் காலை வண்டி தாமதமாக வரும் ஊர்ப் பெண்கள் அந்த வகுப்பை இழப்பார்கள் என்பதையும் குழுவில் பேசுங்கள்.

என்.எஸ்.எஸ். திட்ட அலுவலர்

மேல்நிலை வகுப்பு வரும்போது பயன்படும் என்பதால் ஒரு தகவலை மட்டும் சேர்க்கிறேன். என்.எஸ்.எஸ். சிறப்பு முகாம் ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கி நடத்தப்படுவது. மகளிர் பள்ளிகளில் இரவு தங்க அனுமதி தராத பெற்றோர் பலர் இருப்பதால், சில இடங்களில் முகாமை உள்ளூரிலேயே வைத்துப் பகலில் மட்டும் வந்து போகச் செய்கிறார்கள். விதிப்படி அது நிறைவாகாது. ஆனால் அறவே வராமல் இருப்பதற்கு அது மேல் என்று நான் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். முகாமுக்குத் தேர்ந்தெடுத்த கிராமமே மாணவியரின் ஊராக இருந்த ஆண்டில் பெற்றோர் தாமாகவே வந்து சமையலுக்கு உதவினார்கள், யாரும் அனுமதி மறுக்கவில்லை. முகாம் எங்கே என்று முடிவாகும் முன்பே உங்கள் ஊரைப் பரிந்துரைக்கலாம்.

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. என் மகளிடம் இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். அவள் என்.சி.சி. வேண்டாம், கோகோ வேண்டும், இன்ஸ்பயர் விருதுக்கு எழுதிப் பார்க்கிறேன் என்கிறாள். எங்கள் ஊர்க் குடிநீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பற்றி ஏதோ யோசனை வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்ல மறுக்கிறாள், அதுவே நல்லது என்று நினைக்கிறேன். சேர்க்கையின்போது மேலாண்மைக் குழுத் தலைவரின் தொடர்பைக் கேட்டு வாங்கப் போகிறேன். மாலை வண்டி நேரத்தை விசாரித்தேன், எங்களுக்கு 4.40, கடைசிப் பாடவேளைக்குள் பயிற்சி முடிந்தால் பிடித்துவிடலாம். கோகோவுக்கு ஜூனுக்கு முன்னால் நான் செய்துவைக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உடற்கல்வி ஆசிரியை (பணி நிறைவு)

உண்டு. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் எமிஸ் பதிவிலும் அவளுடைய பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். வேறுபட்டால் மே மாதத்திலேயே திருத்திவிடுங்கள், பழைய பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக எமிஸ் திருத்தம் எளிது. வயதுப் பிரிவில் சந்தேகம் எழுந்து, நன்றாக ஆடக்கூடிய பெண்கள் குறுவட்டப் போட்டியன்று காலையில் கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டியதாகிவிடுகிறது. அதோடு நல்ல கான்வாஸ் ஷூ ஒன்று. பெரிதாக வாங்கி அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்; கோகோவில் திரும்பும்போது கால் உள்ளே நழுவும்.